இல்லவே இல்லீங்க

வாங்க தம்பி, உள்ள வாங்க. தாழ்ப்பாளை எடுத்துட்டீங்கள்ல? பூட்டெல்லாம் இல்லீங்க, வெறும் தாழ்ப்பாள்தான். கதவு தொறந்து கெடந்தா நாய் உள்ள வந்துருதுன்னு கோகிலா வெளியில போட்டுட்டுப் போயிரும். கோகிலா எந்தம்பி பொண்டாட்டிங்க. செருப்போடயே வாங்க, பரவால்ல. சக்கர நாற்காலி வண்டி அந்தா, கட்டலுக்குப் பக்கத்துல நிக்குது பாருங்க. இடது பக்கத்துச் சக்கரமுங்க. காத்து சுத்தமா இல்ல. கோகிலா மில்லுக்குப் போனதுக்கப்பறம் பாக்கறேன், டயரு சப்பையாக் கெடக்குது. நல்லவேளை போனு கைக்கு எட்டற மாதிரி இருந்துச்சு, உங்களைக் கூப்புட்டேன்.

போன தடவை உங்கப்பா வந்தாருங்க. பிரேக் புடிக்க மாட்டீங்குதுன்னு கூப்புட்டிருந்தேன். வந்தாரு, ரெண்டு பக்கமும் இழுத்துப் பாத்தாரு, பிரேக்குக்கு என்னங்க, நல்லாத்தான இருக்குதுன்னுட்டுத் தண்ணிகூடக் குடிக்காமக் கெளம்பிட்டாரு. பெரிய மனுசன், பஞ்சர் கடைல வேலை கெடக்குமுங்க. நீங்க பொறுமையாப் பாருங்க. எனக்கொண்ணும் அவசரமில்ல. டயரைக் கழட்டி ட்யூபைத் தண்ணில முக்கிப் பாருங்க, பாத்ரூம்ல சிவப்பு பக்கெட்டு இருக்குது. அப்படியே அந்த முக்காலிய இழுத்துப் போட்டு உக்காந்துக்குங்க.

அட, பயந்துட்டீங்களா? ஒண்ணுமில்லீங்க, காலு தானாத் துள்ளுது. நாம ஒண்ணும் சொல்லாமலே துள்ளும். நாம சொன்னா ஒரு விரலு அசையாது. இடுப்புக்குக் கீழ எதுவும் எம்பேச்சைக் கேக்கறதில்லீங்க. சித்த நேரத்துல அதுவே அடங்கிரும், நீங்க வேலையப் பாருங்க.

அந்தப் போட்டோவையா பாக்கறீங்க? காலேஜ்ல எடுத்ததுங்க, கோயமுத்தூர்ல. நடுவுல வெள்ளைச் சட்டைல உக்காந்திருக்கறது நாந்தான். பின்னால வண்டியப் புடிச்சுட்டு நிக்கறது கோகிலா. அக்கட்டால கண்ணாடி போட்ட புள்ள, அதான் ஜெஸ்லின். முதுகுத்தண்டுல அடிபட்டவங்க ஊட்டுக்குத் திரும்பி வந்து எப்படி வாழ்றாங்கன்னு ஆராய்ச்சி பண்ணுச்சுங்க அது. அதுல நானும் ஒருத்தன். ஆஸ்பத்திரில எம்பேரைக் குடுத்திருக்கறாங்க, தேடிட்டு வந்துருச்சு. நெம்பப் பேரு கலந்துக்கிட்டாங்க. ஆனா என்னைய மாதிரி ஒழுங்கா இருந்தவங்க யாருமில்லைன்னு அந்தப் புள்ளையே சொல்லுச்சு. மத்தவங்க எல்லாம் கோயிலுக்குப் போறேன், நோம்பிக்கு மாமியார் ஊட்டுக்குப் போறேன்னு நாளைத் தள்ளிப் போடுவாங்களாம். நான் ஒருக்காக்கூட மாத்தச் சொன்னதில்லீங்க. எப்ப வந்தாலும் இருப்பேன்.

நான் ரிக் வண்டில இருந்தேனுங்க. போர்வெல் போடற வண்டி. நம்ம திருச்செங்கோட்டு வண்டி போகாத ஊரு உண்டுங்களா? மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ராஜஸ்தான்னு சுத்திட்டே கெடந்தேன். இந்த வாரம் ஒரு ஊரு, அடுத்த வாரம் இன்னொரு ஊரு. அப்படிச் சுத்தறவனுக்கு யாரு பொண்ணு குடுப்பாங்க? அப்பறம் பாத்துக்கலாம், அப்பறம் பாத்துக்கலாம்னே வயசு போயிருச்சு. ஒரு மழை நாள்ல வண்டி மேல ஏறி ராடு எறக்கிட்டிருந்தப்ப வழுக்கி, கீழ அடுக்கியிருந்த ராடு மேலயே மல்லாக்க விழுந்தேன். அவ்வளவுதானுங்க. எப்படி விழுந்தீங்கன்னு எல்லாரும் கேப்பாங்க. விழுந்ததுக்கப்பறம் எப்படி இருக்கறீங்கன்னு உக்காந்து கேட்டது அந்தப் புள்ள ஒருத்திதான்.

ஊட்டுல நானும் கோகிலாவும்தானுங்க. எந்தம்பியும் ரிக்லதான் டிரைவரா இருக்கறான், இப்ப ஒடிசாப் பக்கம். அவம் பையன் நாமக்கல்ல ஹாஸ்டல்ல படிக்கறான். கோகிலா நல்ல புள்ளைங்க. ஒரு குறை சொல்லக்கூடாது. எம்பட வேலைய நானே பாத்துக்குவேன், ஒண்ணுக்குப் போக ட்யூபு போடறது, கட்டல்ல இருந்து வண்டிக்கு மாறறது எல்லாம் ஆஸ்பத்திரில பழக்கி உட்டுட்டாங்க. ஆனா சோறு, துணி, தண்ணி எல்லாம் அதுதான். நேரத்துக்கு வந்துரும். பேச்சுத்தான் கம்மி. எங்க பக்கம் புருசனுக்கு அண்ணன் முன்னால உக்காந்து பேசற பழக்கமில்லீங்க. தட்டை வெச்சுட்டு, மாமா வெச்சிருக்கறனுங்கன்னு சொல்லும். போதுங்களான்னு கேக்கும், போதும்பேன். அதோட சரி. அது மரியாதைங்க. அதைத் தப்பாச் சொல்ல முடியுங்களா?

ஜெஸ்லின் மொதோ தடவை வந்தப்பவே, தனியா உக்காந்து பேசலாமான்னு கேட்டுச்சு. எனக்குச் சங்கடமாப் போச்சு. நான் கல்யாணம் ஆகாத ஆளு, அது வயசுப் புள்ள. கதவைச் சாத்திட்டுப் பேசுனா பக்கத்து ஊட்டுல என்ன நெனப்பாங்க? கெட்ட பேரு அந்தப் புள்ளைக்குத்தானுங்களே. கோகிலாவைக் கூப்புட்டு, அம்மிணி நீயும் இங்கயே இருந்துக்கன்னுட்டேன். அது உள்ள வரல, அந்தா அந்தச் சமையக்கட்டு வாசப்படில சாஞ்சு நின்னுக்கிச்சு. அடுத்த தடவையும் ஜெஸ்லின், தனியாப் பேசுனா இன்னும் நல்லா இருக்கும்னு சொல்லிப் பாத்துச்சு. நாந்தான் உடல. படிச்ச புள்ளைங்களுக்கு ஊரு ஒலகம் தெரியறதில்ல, நாமதான பாத்து நடந்துக்கணும்.

கேள்வி எல்லாம் வரிசையாக் கேக்குமுங்க. ஒவ்வொண்ணுக்கும் நாலு பதிலு அதுவே சொல்லிரும். எப்பவுமே, அடிக்கடி, எப்பவாச்சும், இல்லவே இல்லை. இதுல ஒண்ணை நாம சொல்லணும். படுக்கைப்புண்ணு வந்துச்சா, ராத்திரில தூக்கம் வருதா, வெளியில போறீங்களா, இப்படியே போகும். கடைசில ஒரு கேள்வி. போன மாசத்துல, தனியா இருக்கற மாதிரி உங்களுக்குத் தோணுச்சா?

நான் தலையத் தூக்கிப் பாக்கறேன், கோகிலா வாசப்படில நிக்குது. வந்த புள்ளைக்குக் குடுக்க டீ டம்ளரைக் கைல வெச்சுட்டு நிக்குது. நான் என்னத்தைச் சொல்லட்டுங்க? எப்பவுமேன்னு சொன்னா அதுக்கு என்னங்க அர்த்தம்? இந்தப் புள்ள சோத்தை வெச்சுட்டு மூஞ்சியத் திருப்பிட்டுப் போயிருதுன்னுதான அர்த்தம்? வெளியாளு முன்னால ஊட்டுப் புள்ளையக் காட்டிக் குடுக்கலாமுங்களா? இல்லவே இல்லீங்கன்னேன்.

அப்பறம் ஜெஸ்லின் கோகிலா பக்கம் திரும்பி, இவரைப் பாத்துக்கறது உங்களுக்குப் பாரமாத் தெரியுதான்னு கேட்டுச்சு. நான் இங்க படுத்துட்டு மோட்டுவளையப் பாத்துட்டிருக்கறேன். கோகிலா எடுத்த எடுப்புல, இல்லவே இல்லீங்கன்னுச்சு. கேட்டீங்களா? ஒரே மாதிரி பதிலு. எனக்கு அன்னிக்குப் பெருமையா இருந்துச்சுங்க. எத்தனை ஊட்டுல இப்படிச் சொல்லுவாங்க?

என்னங்க, டயரு கழண்டு வந்துருச்சா? மொல்ல, மொல்ல. வேகமா இழுக்காதீங்க.

அந்தப் புள்ள மாசா மாசம் வந்துச்சுங்க. ஆடிக்கு ஆரம்பிச்சு அடுத்த சித்திரை வரைக்கும். அது வர்றதுன்னா மொத நாளே நான் சவரம் பண்ணிக்குவேன். கோகிலா போர்வை மாத்தும். திருநெல்வேலிக்குத் தெக்க ஏதோ ஊரு அதுக்கு. உள்ள வர்றப்பவே, எப்பிடி அண்ணா இருக்கியன்னு கேக்கும். இருக்கியவாவது போக்கியவாவது, தமிழ்ல கேளு அம்மிணின்னு கிண்டல் பண்ணுவேன். சிரிக்கும். கேள்வி கேக்கறப்ப ஒரு சின்ன மிசினு வெச்சுப் பேச்சைப் பதிவு பண்ணும். நான் ஒரு கேள்விக்குப் பதிலு சொல்ல ஆரம்பிச்சு, எங்கெங்கயோ போயிருவேன். ராஜஸ்தான்ல ஒரு கிராமத்துல தண்ணி பீச்சி அடிச்சப்ப, பொம்பளைங்க எல்லாம் வந்து ரிக் வண்டிக்குக் குங்குமம் வெச்சு ஆடுனாங்க. எந்தலைல ஒரு துண்டைச் சுத்தி என்னையும் ஆட உட்டாங்க. அதைச் சொன்னேன். அது மிசினை நிறுத்திருச்சு. ஆராய்ச்சிக்கு அதெல்லாம் வேண்டாமாம். ஆனா மிசினை நிறுத்திப்போட்டுக் கேட்டுச்சுங்க. தாடைல கை வெச்சுட்டு, கடைசி வரைக்கும் கேட்டுச்சு. நடுவுல போனைக்கூடப் பாக்கல.

இன்னொண்ணு சொல்ல மறந்துட்டேன். வாசப்படில நின்ன கோகிலா, ரெண்டு மாசம் கழிச்சு வாசப்படில உக்காந்துச்சு. அப்பறம் மொறத்துல அவரைக்காயை எடுத்துட்டு வந்து, உள்ள தரையிலயே உக்காந்துருச்சு. ஜெஸ்லின் கேக்கக் கேக்க நான் சொல்லுவேன், கோகிலா காயை உரிச்சுட்டே கேக்கும். ஒரு நாள் அதுவா வாயைத் தொறந்து, மாமா அங்க ஒட்டகமெல்லாம் ரோட்டுலயே போகுங்களான்னு கேட்டுச்சு. இத்தனை வருசத்துல சோறு போதுமான்னு கேக்காம வேற ஒண்ணு கேட்டது அன்னிக்குத்தானுங்க. ஆமா அம்மிணி, நம்மூர்ல எருமை போற மாதிரி போகும்னேன். மூணு பேரும் சிரிச்சோம். கடைசில அந்தக் கேள்வி வந்துச்சு, தனியா இருக்கற மாதிரி தோணுச்சான்னு. அன்னிக்கு இல்லவே இல்லைன்னு சொன்னது பொய்யில்லீங்க. அன்னிக்கு மட்டும் அது நெசம்.

ஆராய்ச்சி முடிஞ்சதும் காலேஜ்ல ஒரு கூட்டம் வெச்சாங்க. காரு அனுப்பிக் கூப்புட்டுக்கிட்டாங்க. அங்க போனா எங்க கூட ஆஸ்பத்திரில இருந்த வையாபுரி உக்காந்திருக்கறான். சங்ககிரி ஆளு, லாரி ஓட்டிட்டிருந்தவன். மேடைல ஒரு அம்மா பேசுனாங்க. ஊட்டுல நல்லாப் பாத்துக்கிட்டா எப்படித் தனிமை இல்லாம இருக்கலாங்கறதுக்கு உதாரணமா ஒரு குடும்பத்தைச் சொன்னாங்க. பேரு சொல்லல, ஆனா ரிக் வண்டி, கீழ விழுந்தாரு, தம்பி குடும்பம்னு சொன்னதும் எல்லாரும் என்னையத் திரும்பிப் பாத்தாங்க. கையத் தட்டுனாங்க. நானும் கும்புட்டேன்.

அதுக்கப்பறந்தானுங்க விசயமே வந்துச்சு. ஆராய்ச்சில யாரு யாரு தனியா இருக்கறதாச் சொன்னாங்களோ, அவங்க ஊட்டுக்கு மட்டும் இனிமே வாரா வாரம் ஒரு ஆளு போவாராம். அவரும் நம்மள மாதிரி அடிபட்டவர்தான், பின்னால ரெண்டு பக்கமும் சக்கரம் வெச்ச ஸ்கூட்டர்ல வருவாரு. வந்து உக்காந்து பேசுவாரு, வெளியில கூட்டிட்டுப் போவாரு. வையாபுரி பேரு அதுல இருந்துச்சு. அவன் என்ன பண்ணிருக்கறான், பொண்டாட்டி பக்கத்துல நிக்கறப்பவே எல்லாத்துக்கும் எப்பவுமே, எப்பவுமேன்னு சொல்லிருக்கறான். அந்தம்மா ரெண்டு நாளு பேசலியாமா. அப்பறம் சரியாப் போச்சாம். எங்கிட்டச் சொல்லிச் சிரிக்கறான். மானங்கெட்டவன். இப்ப வாரா வாரம் அவனூட்டுக்கு ஆளு வர்றாரு. போன வாரம் மேட்டூரு டேமு பாத்துட்டு வந்தானாம், போன்ல பேசறான், மீனு பொரிச்சது நல்லா இருந்துச்சாம். ஊட்டைக் காட்டிக் குடுத்தவனுக்கு மீனு. கவுரவமா இருந்தவனுக்குக் கைதட்டு.

கூட்டம் முடிஞ்சு கெளம்பறப்ப ஜெஸ்லின் எங்கிட்ட வந்துச்சு. வண்டிக்குப் பக்கத்துல குத்த வெச்சு உக்காந்து, எம்மூஞ்சியவே பாத்துச்சு.

"அண்ணா, நீங்க சொன்னதெல்லாம் உண்மைதானே? வேற ஏதும் சொல்லணும்னா இப்பவும் சொல்லலாம். நான் எழுதிக்கிடுதேன்."

மொல்லமாத்தான் கேட்டுச்சுங்க. ஆனா பின்னால கோகிலா கைப்புடியப் புடிச்சுட்டு நிக்குது. அது மூச்சு உடறது எனக்குக் கேக்குது. புதுச் சேலை கட்டி, தலைக்குப் பூ வெச்சுட்டு வந்திருக்குது. இப்பத்தான் அத்தனை பேரும் இந்தக் குடும்பம் மாதிரி உண்டான்னு கையத் தட்டியிருக்கறாங்க. ஒரு வார்த்தைதானுங்க. அடிக்கடின்னு சொல்லியிருந்தாக்கூடப் போதும். வாய் வரைக்கும் வந்துருச்சு.

"உண்மைதான் அம்மிணி. நான் எதுக்குப் பொய் சொல்லப் போறேன்?"

அந்தப் புள்ள எந்திரிச்சுருச்சு. நல்லா இருங்க அண்ணான்னுச்சு. அதுக்கப்பறம் ஒரு தடவை போன் பண்ணுச்சு, பொங்கலுக்கு. வேற ஊர்ல வேலை கெடைச்சிருக்குதாம். நல்ல புள்ள, நல்லா இருக்கட்டும்.

திரும்பி வர்றப்ப கோகிலா கார்ல முன்னால உக்காந்திருந்துச்சு. பவானி தாண்டுனோம். அப்பறம் திரும்பாமலே சொல்லுச்சு.

"மாமா, வர்ற மாசத்துல இருந்து நான் மில்லுக்குப் போகட்டுங்களா? கூப்புட்டுட்டே இருக்கறாங்க. நீங்க தனியா எப்படி இருப்பீங்களோன்னுதான் யோசிச்சுட்டிருந்தேன். இப்பத்தான் நீங்களே சொல்லிட்டீங்களே."

போ அம்மிணி, எனக்கென்னன்னேன். வேற என்னத்தைச் சொல்றது? அது கேட்டது நியாயந்தானுங்க. அதுக்கும் நாலு பேரைப் பாத்த மாதிரி இருக்கும். இப்பக் காலைல போனா பொழுது சாஞ்சுதான் வரும். வர்றப்பவே தூங்கி வழியும். சோத்தை வெச்சுட்டு, மாமா வெச்சிருக்கறனுங்க. போதுங்களா. போதும்.

அந்த ஒட்டகத்தைப் பத்தி இன்னும் சொல்றதுக்கு இருக்குது. அது கேக்கல, நானும் சொல்லல.

என்னங்க, தண்ணில முக்கிட்டீங்களா? நல்லாச் சுத்திச் சுத்திப் பாருங்க. ஒரு குமிழிகூட வரலீங்களா? பஞ்சரே இல்லைங்கறீங்களா? அதெப்படிங்க, காத்துத்தான் எறங்கிருச்சே. ஓ, காத்தைப் புடிச்சு நிறுத்தற வால்டியூப் கழண்டிருந்துச்சுங்களா. அதுவாக் கழண்டிருக்கும் தம்பி. இந்த ரோடு அப்படி. ஆமாமா, நான் ரோட்டுக்குப் போறதில்லதான். ஊட்டுக்குள்ள தரையும் மேடு பள்ளமாத்தான் இருக்குது.

மூடிங்களா? வால்டியூப் மேல போடற மூடியா? இங்கதான் எங்கயாச்சும் உருண்டிருக்கும். கட்டலுக்கடில பாருங்க. இல்லீங்களா? இருங்க, இருங்க. இந்தாங்க. தலகாணிக்கடில இருக்குது. இங்க எப்படி வந்துச்சுன்னு தெரியல.

எதுக்குங்க என்னைய அப்படிப் பாக்கறீங்க?

காத்து அடிச்சுட்டீங்களா. அதுக்குள்ளயா? சரிங்க. கை கழுவிக்குங்க, சோப்பு பாத்ரூம்ல ஜன்னல்ல இருக்குது. உங்கப்பாவைக் கேட்டதாச் சொல்லுங்க.

என்ன கேட்டீங்க? பகல் பூரா இப்படித் தனியாவேவான்னா? கஷ்டமா இல்லையான்னா? இல்லவே...

சித்த நில்லுங்க தம்பி. அந்தச் சமையக்கட்டு வாசப்படில யாரும் இல்லீங்கள்ல? எனக்குத் தெரியும், யாரும் இல்ல. இருந்தாலும் நீங்க ஒருக்காப் பாத்துச் சொல்லுங்க.

இப்பக் கேளுங்க. இன்னொருக்கா கேளுங்க.

எப்பவுமே தம்பி. எப்பவுமே இருக்குதுங்க.

அவ்வளவுதான். போயிட்டு வாங்க. கோகிலாவை எங்கயாச்சும் பாத்தா இதைச் சொல்லிப்போடாதீங்க, மனசு ஒடைஞ்சுரும். போறப்பத் தாழ்ப்பாளைப் போட்டுருங்க. இல்ல, வேண்டாம். கதவு அப்படியே தொறந்து கெடக்கட்டும். நாய் வந்தா வரட்டுங்க.